'80 சிசி' சைக்கிள் எஞ்சின் கிட்: பெட்டியில் வந்தபடியே மாட்டினால் உழைக்காது

சாதாரணச் சைக்கிளில் மாட்டி ஓட்டும் எஞ்சின் கிட்டின் பெட்டியில் 80 சிசி என்று அச்சடித்திருக்கும். போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 47 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 38 மி.மீ.; கணக்குப் போட்டால் வருவது 66 சிசிதான். ஸ்ட்ரோக் 40 உள்ள ரகத்தில் 69. இதற்குச் சின்னது 40 மி.மீ. போர் உள்ள 48 சிசி. சீனாவில் பல தொழிற்சாலைகள் ஏறத்தாழ ஒரே அமைப்பில் வார்த்துத் தள்ளும் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் இது. ஸ்டிக்கரில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான். கொடுக்கிற காசுக்கு எஞ்சின் மோசமில்லை. ஆனால் வார்ப்பில் பிசிறு, சமமில்லாத ஹெட், மட்டமான போல்ட் என்று தொழிற்சாலை பாதியில் விட்ட வேலையை வாங்குகிறவர்தான் முடிக்க வேண்டும். முடிக்காமல் மாட்டியவர்கள்தான் சில நூறு கிலோமீட்டரிலேயே 'குப்பை' என்று திட்டுகிறார்கள்.

முதலில் சிலிண்டரின் மூடியான ஹெட்டைக் கழற்றுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் 400 நம்பர் உப்புத்தாளை விரித்து, சில சொட்டு எண்ணெய் விட்டு, ஹெட்டின் அடிமுகத்தை எட்டு போடுவதுபோல் தேய்க்க வேண்டும். வட்டம் முழுக்க ஒரே பளபளப்பு வந்தால் போதும். ஒரு பக்கம் மட்டும் மின்னினால் அங்கே மேடு, மற்ற பக்கம் பள்ளம். கேஸ்கெட் அந்தப் பள்ளத்தில்தான் ஊதும். திரும்ப மாட்டும்போது 66 சிசியில் இருக்கும் 8 மி.மீ. ஸ்டட்களை மூலைக்கு மூலை, மூன்று சுற்றாக, 16 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால் போதும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைப்பலத்தில் முறுக்கினால் அலுமினிய உடம்பில் மரை போய்விடும். முதல் இரண்டு மூன்று முறை ஓட்டியபின், எஞ்சின் நன்றாக ஆறியதும் மறுபடி டார்க் பார்க்க வேண்டும். கேஸ்கெட் படிந்து நட் தளர்ந்திருக்கும்.

சிலிண்டரையும் கழற்றிப் பார்ப்பது நல்லது. இதில் இரும்பு லைனர் கிடையாது. அலுமினியத்தின் மேல் நேரடியாகக் குரோம் பூச்சு. துளையைக் கடைந்து பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடும் வழக்கமான வேலை இதில் நடக்காது. சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட் துளைகளின் விளிம்பில் பிசிறு இருந்தால் ரிங் அதில் உரசி உரசிப் பூச்சைக் கிளப்பும். உரிய ஆரம்பித்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டியதுதான். ஆகவே அந்த விளிம்புகளை மெல்லிய உப்புத்தாளால் லேசாக மழுக்கி, மண்ணெண்ணெயில் கழுவி, ரிங் வாய்கள் பிஸ்டன் பள்ளத்தில் உள்ள சின்ன ஊசிக்கு நேராக நிற்கும்படி பார்த்து இறக்க வேண்டும். ஊசியின் மேல் ரிங் ஏறி நின்றால் சிலிண்டரை அழுத்தும்போதே ரிங் உடையும்.

இந்த எஞ்சினைச் சாகடிப்பதில் முதலிடம் காற்றுக் கசிவுக்கு. கார்பரேட்டர் இன்டேக் குழாயின் மேல் செருகி ஒரு கிளாம்ப்பால் பிடிக்கப்படுகிறது. அந்த இடுக்கு வழியாகவும், இன்டேக் கேஸ்கெட் வழியாகவும் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். பெட்ரோல் குறைந்து காற்று கூடினால் சூடு ஏறும். கூடவே, பெட்ரோலில் கலந்து வர வேண்டிய ஆயிலும் குறையும். டூ-ஸ்ட்ரோக்கில் இந்த இரண்டும் சேர்ந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்வது உறுதி. அறிகுறி எளிது: ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் ஐடிலிங் இறங்காமல் எகிறிக்கொண்டே இருக்கும். எஞ்சின் ஓடும்போது இணைப்புகளைச் சுற்றிக் கொஞ்சம் கார்பரேட்டர் கிளீனர் அடியுங்கள், சூடான சைலென்சர் பக்கம் படாமல். சத்தம் மாறுகிற இடம்தான் கசியும் இடம். கார்பரேட்டர் கழுத்துக்குள் ஒரு ஓ-ரிங் வைத்துக் கிளாம்ப் போட்டாலே பெரும்பாலும் தீரும். அதிலும் தீரவில்லை என்றால் கிராங்க் ஆயில் சீல் போயிருக்கலாம்.

பெட்ரோலில் கலக்கும் ஆயில் விஷயத்தில் ஆளுக்கொரு வாதம் உண்டு. கிட்டோடு வரும் தாள் சொல்வது முதலில் 16-க்கு 1, பிறகு 20-க்கு 1. அதாவது லிட்டருக்கு 62 மில்லி, பிறகு 50 மில்லி. பழைய மினரல் ஆயிலை நினைத்து எழுதிய கணக்கு இது. ஜாசோ எஃப்டி என்ற தரக்குறியுள்ள 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் என்றால், புது எஞ்சினைப் பதமாக ஓட்டிப் பழக்கும் ரன்னிங்-இன் முடிந்தபின் லிட்டருக்கு 40 மில்லி தாராளம். ஆயிலைக் கூட்டினால் எஞ்சினுக்கு நல்லது என்று 80, 100 மில்லி ஊற்றுபவர்கள், அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். சைலென்சர் முனைக் குழாயும் கரி பிடித்து அடைபடும். முதல் 500 கி.மீ. ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்காமல், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல், ஏற்றி இறக்கி ஓட்ட வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று இறக்கம். ஆக்சிலேட்டரை மூடிவிட்டுச் சரிவில் இறங்கும்போது சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுழற்றும். பெட்ரோல் வராததால் ஆயிலும் வராது. நீண்ட இறக்கத்தில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு, எஞ்சினை ஐடிலிங்கில் விட்டுவிட்டு, பிரேக்கை நம்பி இறங்குவதே சரி. பிரேக் அதற்குத் தாங்கும்படி இருக்க வேண்டும் என்பது தனிக் கதை.

இந்தியாவில் இப்போது பங்க்கில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட் அதே அளவில் இருந்தால் கலவை லீன் ஆகும், அதாவது பெட்ரோல் குறைவாகும். கார்பரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே மாற்றினால் ஊசி மேலேறி, பெட்ரோல் கூடும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் சரி, வெள்ளையாக வெளிறியிருந்தால் லீன், கறுத்து ஈரமாக இருந்தால் ரிச் (பெட்ரோல் அதிகம்). எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைத்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கும், அதில் ஆயில் இருக்காது. எஞ்சின் முதலில் குடிப்பது அதைத்தான். நிறுத்தி வைப்பதாக இருந்தால் டேங்க்கைக் காலி செய்து, கார்பரேட்டர் வற்றும்வரை ஓட்டி அணையுங்கள்.

கிட்டில் வரும் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு என்ஜிகே பி6ஹெச்எஸ் போடலாம், இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. நீலம், கறுப்பு வயர்களை, பிளக்குக்குத் தீப்பொறி தரும் சிடிஐ பெட்டியோடு சால்டர் செய்து ஸ்லீவ் போட வேண்டும். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அதிர்விலேயே கழன்றுவிடும். வெள்ளை வயரை எதிலும் சேர்க்காமல் டேப் சுற்றி விடுவதே உத்தமம்.

அதிர்வுக்குப் பயந்து ஃபிரேமுக்கும் எஞ்சினுக்கும் நடுவே டியூப் ரப்பர் சுற்றுவது நம்மவர்களின் பழக்கம். இதில் அது ஆகாது. ரப்பர் நசுங்கி எஞ்சின் ஆடும், செயின் நேர்கோடு தவறும், மவுண்ட் ஸ்டட் முறியும். உலோகத்தோடு உலோகம் அழுத்தமாகப் பிடிக்க வேண்டும். ஃபிரேம் குழாய் பருமன் ஒத்துவரவில்லை என்று அதில் துளை போடவே கூடாது. சைலென்சருக்கு ஒரு கூடுதல் தாங்கி அவசியம். இல்லாவிட்டால் அதன் மொத்த எடையும் இரண்டு 6 மி.மீ. ஸ்டட்டில் தொங்கும்.

கிட்டின் ஆபத்தான உருப்படி செயின் டென்ஷனர். அது தளர்ந்து சுழன்று ஸ்போக்ஸ் கம்பிக்குள் புகுந்தால் பின் வீல் அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். செயினில் இணைப்புகளைக் குறைத்து டென்ஷனரே இல்லாமல் ஓட்ட முடிந்தால் நல்லது. பின் ஸ்ப்ராக்கெட்டை மாட்டியதும் வீலைச் சுற்றிக் கோட்டம் பார்க்க வேண்டும், 9 போல்ட்டுகளையும் சமமாக இறுக்க வேண்டும். 44 பல் ஸ்ப்ராக்கெட்டில், 26 இன்ச் சக்கரத்தோடு, 4500 ஆர்பிஎம்மில் மணிக்கு 31 கி.மீ. வரும், அதே சுற்றில் 36 பல்லுக்கு 38 கி.மீ. சமதரையில் ஓட்டுபவர் 36-க்கு மாறினால் எஞ்சின் அதே வேகத்துக்குக் குறைவாகச் சுற்றும். மேடு ஏறுபவருக்கு 44-தான். கிளட்ச் பக்கப் பல்சக்கரத்துக்குக் கிரீஸ் சுண்டைக்காய் அளவு போதும். அள்ளி அப்பினால் கிளட்ச் கட்டையில் தெறித்து வழுக்கும்.

வாங்குமுன் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தில் விலக்கு 25 சிசி வரைதான். 48-ம் 66-ம் அதற்குமேல் என்பதால், பதிவில்லாமல் இந்தியச் சாலையில் ஓட்ட முடியாது. தோப்பு, பண்ணை, சொந்த வளாகம் என்றால் வாங்கலாம்.

உதிரி பாகம் வாங்கும்போது ஸ்ட்ரோக் 38-ஆ 40-ஆ என்று பிளக் துளை வழியாக ஒரு கம்பியை விட்டு அளந்துகொள்ளுங்கள். கம்பி சாய்ந்தால் கணக்குத் தப்பும், நேராகப் பிடியுங்கள். இரண்டுக்கும் பிஸ்டனில் பிஸ்டன்-பின் (pin) நுழையும் துளையின் உயரம் வேறு. 'எல்லா 80 சிசிக்கும் பொருந்தும்' என்ற விளம்பரத்தை நம்பி மாற்றி மாட்டினால் பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும், அல்லது போர்ட் திறக்கும் நேரம் தப்பி இழுவை இருக்காது.