சுங்கை சிப்புட்டில் சீரி ஆ பார்க்க ஒரு கடை

கடையின் பெயரை இதில் போடவில்லை. கடைக்கார அண்ணனே வேண்டாம் என்றுவிட்டார், சனிக்கிழமை ராத்திரி இருக்கிற நாற்காலியே பத்தவில்லை, நீ வேறு எழுதி ஈப்போக்காரனை எல்லாம் கூட்டி வராதே என்கிறார். மலேசியாவில், பேராக்கில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட் ஆட்களுக்குப் பெயர் தேவையும் இல்லை. பழைய கடைவீட்டு வரிசையில் ராத்திரி ஒரு மணிக்கு மேலும் விளக்கு எரிகிற நம்மவர் சாப்பாட்டுக்கடை எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். 2024-25 சீசன் சீரி ஆவை, அதாவது இத்தாலி காற்பந்து லீக்கை, நான் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்துதான் பார்த்தேன். அதனால் இது சாப்பாட்டு விமர்சனமா ஆட்ட விமர்சனமா என்று கேட்டால், இரண்டையும் பிரிக்க எனக்குத் தெரியவில்லை.

இந்த ஊரில் காற்பந்து காட்டும் கடைக்குப் பஞ்சம் இல்லை, ஆனால் எல்லாம் இங்கிலாந்துதான். லிவர்பூல் ஆட்டம் முடிந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கி நாற்காலியைக் கவிழ்க்க ஆரம்பித்துவிடுவார்கள், இத்தாலி ஆட்டம் போடுங்களேன் என்றால் கைமாற்று கேட்க வந்தவனைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை. அவர்களையும் குறை சொல்ல முடியாது, நேரம் அப்படி. இத்தாலியில் சாயங்காலம் 6 மணி ஆட்டம் நமக்கு நள்ளிரவு 12, அக்டோபர் கடைசியில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு 1 மணி. அங்கே ராத்திரி 8.45 ஆட்டம் என்றால் இங்கே 2.45 இல்லாவிட்டால் 3.45. அந்த நேரத்துக்குக் கடையைத் திறந்து வைத்தால் யார் வருவார்கள்? தோட்டத்து ஊர் என்பதால் வருகிறார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்கள் விடிவதற்கு முன்பே எழுந்து பழகியவர்கள், வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். இப்போது சுற்றுவட்டாரத்தில் பால்மரக்காடு சுருங்கிப் பெரும்பாலும் எண்ணெய்க்கான செம்பனை ஆகிவிட்டது, ஆனாலும் அந்த விடியற்காலைப் பழக்கம் ஊரை விட்டுப் போகவில்லை. நாலு மணிக்கு நாசி லெமாக் பொட்டலம் வாங்க வருகிறவர்கள், வங்காளதேசத் தம்பிகள் உட்பட, ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்று ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு “யாரு அண்ணே முன்னுக்கு?” என்று கேட்டுவிட்டுக் கிளம்புவார்கள்.

கடைக்கார அண்ணன் நாபோலி ஆள், அதாவது நேப்பிள்ஸ் நகரத்துக் கிளப்பின் ரசிகர். கல்லாவுக்கு மேலே பத்துமலை முருகன், பக்கத்திலேயே மரடோனா, இரண்டு படத்துக்கும் ஒரே மாலை. 1986 உலகக் கிண்ணத்தைத் தோட்டத்து மண்டபத்தில் கூட்டத்தோடு தரையில் உட்கார்ந்து பார்த்த தலைமுறை அவர், மரடோனா எந்தக் கிளப்போ அதுதான் தன் கிளப் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம். 1987லும் 1990லும் நாபோலி லீக்கை வென்றதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டார். 2023ல் மூன்றாவது முறை வென்றபோது ரொட்டி இலவசம் என்று ஊரில் ஒரு கதை உண்டு, கேட்டால் மறுக்கிறார்.

சரி, சாப்பாடு. ரொட்டி சானாய் நன்றாக இருக்கும், ஆனால் யார் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து. ராத்திரி பதினோரு மணிக்கு மேல் கல்லில் நிற்கிற இளைஞர் கெட்டிக்காரர். மாவை இரண்டு வீச்சில் மேசை அகலத்துக்குக் கொண்டு வந்துவிடுவார், சுட்டு எடுத்ததும் இரண்டு கையாலும் தட்டி நொறுக்கித் தட்டில் வைப்பார், ஓரம் மொறுமொறுப்பு, உள்ளே அடுக்கடுக்காகப் பிரியும். குறை என்னவென்றால் அவரும் ஆட்டம் பார்க்கிறார். நடுவர் முடிவை வீடியோவில் சரிபார்க்கிற வி.ஏ.ஆர். சோதனை ஓடும்போது ரொட்டி கேட்டால் ஒரு பக்கம் கருகித்தான் வரும், இது எழுதப்படாத விதி. தாளிச்சா மத்தியானம் வைத்தது, ஒரு மணிக்கு மேல் அடிப்பானையில் உப்பு ஏறிவிடும், அதனால் நான் சம்பால் மட்டும் கேட்பேன். மீ கோரிங் சுமார். ஆட்டிறைச்சிப் பிரட்டல் மிஞ்சியிருந்தால் யோசிக்காமல் கேளுங்கள், மிளகு தூக்கலாக, எலும்போடு. பெரும்பாலும் மிஞ்சாது. இழுத்து ஆற்றுகிற பால் தேநீரான தே தாரிக்கில் சீனியும் டின்பாலும் போட்டிபோட்டுக்கொண்டு இருக்கும், “சீனி குறைச்சல்” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னாலும் கொஞ்சம்தான் குறையும்.

திரைதான் பெரிய தகராறு. சீசன் தொடக்கத்தில் சுவரில் புரொஜெக்டர், அதற்கு எதிரே டியூப் லைட். ஆடுகளம் புல்லா தண்ணீரா என்று தெரியாது. ஜனவரிக்குப் பிறகு ஒரு பெரிய டிவி வாங்கிப்போட்டார்கள், இப்போது பரவாயில்லை. ஆனால் தூணுக்குப் பின்னால் இருக்கிற மேசையில் உட்கார்ந்தால் வலது பக்கக் கோல்கம்பம் தெரியாது, தாமதமாக வருகிறவர்களுக்கு அந்த மேசைதான். மேல்மாடியில் குடும்பம் இருப்பதால் பன்னிரண்டு மணிக்கு மேல் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள், வர்ணனை காதில் விழாது. எனக்கு அது நல்லதாகவே படுகிறது. மழை வலுத்தால் படம் கட்டம் கட்டமாக நின்றுவிடும், அப்போது யாராவது கைப்பேசியில் ஸ்கோரைப் பார்த்து உரக்கச் சொல்வார்கள், அதில் வேண்டுமென்றே பொய் சொல்கிற ஒரு சீன அங்கிள் இருக்கிறார், யுவெந்துஸ் ரசிகர்.

அந்த அங்கிளுக்கு அந்த சீசனில் கிடைத்த ஒரே தீபாவளி அக்டோபர் 27 ஆட்டம்தான். மிலான் நகரத்து இன்டர் 4, யுவெந்துஸ் 4. இன்டர் 4-2 என்று முன்னுக்கு இருந்தது, மாற்று ஆட்டக்காரராக வந்த கெனான் யில்டிஸ் இரண்டு அடித்துச் சமன் செய்தார். அன்றைக்குத்தான் அங்கே கடிகாரம் மாறியது, நம்மில் பாதிப் பேர் பழைய கணக்கில் பன்னிரண்டு மணிக்கே வந்து ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கடைக்கு அன்று நல்ல வியாபாரம்.

டிசம்பர் 1 ஆட்டத்தைப் பற்றி எழுதாமல் விட முடியாது. பியோரெண்டினாவும் இன்டரும், நமக்கு ஒரு மணி ஆட்டம். பதினேழாவது நிமிடம் வாக்கில் பியோரெண்டினாவின் எடோர்டோ போவே, 22 வயது, ஷூ கயிற்றுக்குக் குனிந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். ஆட்டக்காரர்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள், சிலர் அழுதார்கள். கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை. ரொட்டிக் கல்லில் ஒரு ரொட்டி புகைந்துகொண்டிருந்தது, எடுக்க ஆள் இல்லை. அண்ணன் டிவியை அணைக்கவில்லை, சேனலையும் மாற்றவில்லை, சத்தத்தை மட்டும் முழுக்க எடுத்துவிட்டார். மருத்துவமனையிலிருந்து நல்ல செய்தி வரும் வரை யாரும் எழுந்து போகவில்லை, அண்ணன் யாரிடமும் காசும் கேட்கவில்லை. சேவை என்று ஒரு பிரிவில் மதிப்பெண் போடச் சொன்னால் அந்த ஒரு ராத்திரிக்கே போட்டுவிடுவேன். கைவிடப்பட்ட அந்த ஆட்டத்தை பிப்ரவரியில் தொடர்ந்து ஆடினார்கள், இன்டர் 0-3 என்று தோற்றது. சீசன் முடிவில் ஒரே ஒரு புள்ளியில் பட்டம் போனபோது இன்டர் ஆட்கள் இந்த ஆட்டத்தைத்தான் முதலில் சொன்னார்கள்.

ஆட்டத்தின் தரம் எப்படி என்றால், உள்ளதைச் சொல்கிறேன், நாபோலி பார்க்க அவ்வளவு அழகில்லை. 2023ல் பட்டம் வென்ற அணி ஆடியது வேறு. அதற்கடுத்த வருடம் பத்தாவது இடத்துக்கு விழுந்து, அந்தோனியோ கொந்தே பயிற்சியாளராக வந்து, முதல் ஆட்டத்திலேயே வெரோனாவிடம் 0-3 வாங்கியபோது அண்ணன் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டார். அப்புறம் மான்செஸ்டர் யுனைடெட் வேண்டாம் என்று விட்ட ஸ்காட் மக்டோமினேயும், செல்சியில் இடமில்லாத லுகாகுவும் வந்தார்கள். ஜனவரியில் குவாராட்ஸ்கேலியாவைப் பாரிஸுக்கு விற்றுவிட்டார்கள், அண்ணன் அன்று யாரோடும் பேசவில்லை. ஆனால் கொந்தேயின் கணக்கு வேறு: சீசன் முழுக்க 59 கோல்தான் அடித்தார்கள், 27தான் வாங்கினார்கள். இன்டர் 79 அடித்தும் இரண்டாவது. ஒன்று அடித்துவிட்டு எண்பது நிமிடம் கதவைச் சாத்திக்கொள்கிற ஆட்டம், ராத்திரி மூன்று மணிக்கு இதைப் பார்ப்பது லேசான வேலையில்லை. ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஐயா ஒருவர் முதல் கோலுக்குப் பிறகு கைகட்டித் தூங்கிவிடுவார், முடிந்ததும் எழுப்பினால் “அதே ஸ்கோர்தானே?” என்பார். பெரும்பாலும் அதேதான். எனக்கு அந்த இறுக்கம் பிடித்திருந்தது, மார்ச் 1 அன்று டிமார்கோ ஃப்ரீ கிக்கில் இன்டர் முன்னுக்குப் போய், 87வது நிமிடம் நாபோலியின் பில்லிங் சமன் செய்தபோது கடையில் எழுந்த சத்தம் மேல்மாடிக் குழந்தையை எழுப்பிவிட்டது. அந்த ஒரு புள்ளியும் கடைசியில் கணக்கில் நின்றது.

மே மாதம்தான் கடை உண்மையில் சோதிக்கப்பட்டது. மே 18, இத்தாலியில் ஞாயிறு ராத்திரி, நமக்குத் திங்கள் விடியற்காலை 2.45, விடிந்தால் எல்லாருக்கும் வேலை. நாபோலி பார்மாவில், இன்டர் லாசியோவோடு, ஒரே நேரத்தில். டிவி ஒன்றுதான். நாபோலி போட வேண்டும் என்று கல்லா, இன்டர் போட வேண்டும் என்று எதிர்மேசை. கடைசியில் தம்பி ஒருவர் தன் டேப்லட்டை மைலோ டின்னில் சாய்த்து வைத்து இன்டரைப் போட்டார், டிவியை விட அது கொஞ்சம் முந்தி வந்ததால், எந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றே புரியாமல் கத்தினோம். பார்மாவில் கோல் இல்லை. அங்கே இன்டர் 2-1, முதலிடம் கைக்கு வந்தாயிற்று, தொண்ணூறாவது நிமிடத்தில் பிஸ்ஸெக் கையில் பந்து பட்டு பினால்டி, பெட்ரோ அடித்து 2-2. நாபோலிக்குக் கடைசியில் கிடைத்த பினால்டியையும் வி.ஏ.ஆர். திரும்ப வாங்கிக்கொண்டது. கொந்தேயும் இன்டர் பயிற்சியாளர் இன்சாகியும் இரண்டு பேருமே சிவப்பு அட்டை வாங்கினார்கள். அந்த இருபது நிமிடம் ஒருவரும் ரொட்டி கேட்கவில்லை. நான் கேட்டிருந்த தே ஓ, பால் சேர்க்காத தேநீர், வரவே இல்லை, ஆனால் பில்லில் இருந்தது.

கடைசி ராத்திரிக்கு, மே 23 வெள்ளி, நமக்குச் சனி விடியல், அண்ணன் இரண்டாவது டிவியை எங்கிருந்தோ இரவல் வாங்கி வைத்துவிட்டார். கோமோவில் இன்டருக்கு டி வ்ரை தலையால் முட்டியது 20வது நிமிடம், அப்போது பட்டம் இன்டருக்கு. 42வது நிமிடம் பொலித்தானோ வலது பக்கமிருந்து தூக்கிப்போட, மக்டோமினே பக்கவாட்டில் பறந்து கத்தரிக்கோல் மாதிரி காலை வீசி அடித்தார், பட்டம் திரும்ப நேப்பிள்ஸுக்கு. அண்ணன் கரண்டியோடு சாலைக்கு ஓடிவிட்டார். இடைவேளைக்குப் பிறகு லுகாகு தோளால் இடித்துக்கொண்டே ஓடி இரண்டாவதை அடித்ததும் கதை முடிந்தது, நாபோலி 82 புள்ளி, இன்டர் 81. வேலைக்குப் போகிறவர்கள் பைக்கை ஓரம் கட்டிவிட்டு உள்ளே வந்து கைகொடுத்துவிட்டுப் போனார்கள், என்ன ஏது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். ரொட்டி 1.80 வெள்ளி, தே தாரிக் 2.20, கார்டு வாங்குவதில்லை, கியூ.ஆர். உண்டு. பன்னிரண்டு மணி ஆட்டத்துக்குப் பதினொன்றரைக்கே போய்விடுங்கள், தூணைத் தாண்டி முன்னால் உட்காருங்கள். கழிவறை பின்பக்கம், விளக்கு எப்போதும் எரியாது, கைப்பேசி வேண்டும். பில்லை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுங்கள், ஏமாற்ற மாட்டார்கள், ஆனால் ஆட்டத்தின் நடுவே எழுதிய பில் அது. பிரிமியர் லீக் பார்க்க வேறு கடைக்குப் போங்கள், இங்கே அதைப் போட்டாலும் அண்ணன் முகம் சரியாக இருக்காது. பெல்ஜியம் ஆட்டக்காரர் டி ப்ரூய்ன் நாபோலிக்கு வந்தபிறகு இரண்டாவது டிவியைச் சொந்தமாகவே வாங்கப்போகிறேன் என்கிறார், செலவை எப்படி எடுப்பீர்கள் என்று கேட்டேன், தே தாரிக்குக்குப் பத்து காசு ஏற்றுவாராம், இன்டர் ஆட்களுக்கு இருபது.