கோலா: கரடியா, பைப்பாலூட்டியா?

உருண்டை முகம், அடர்ந்த ரோமம், வால் இருப்பதே தெரியாது. கோலாவைப் பார்த்தவுடன் கரடிக்குட்டி என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் குட்டி பிறக்கும் விதத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் ஒட்டே இல்லை. கோலா ஒரு பைப்பாலூட்டி, அதாவது குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் விலங்கு.

கரடி நம்மைப் போலவே நஞ்சுக்கொடி வழியாக ஊட்டம் கொடுத்துக் குட்டியைக் கருப்பையில் வளர்க்கிறது. பழுப்புக் கரடியின் குட்டி பிறக்கும்போது கண் திறந்திருக்காது, ஆனால் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். கோலாவின் கர்ப்பகாலமோ சுமார் 35 நாள்தான். பிறக்கும் குட்டி 2 செ.மீ. நீளம், எடை ஒரு கிராம்கூட இல்லை. ரோமம் இல்லை, பார்வை இல்லை. அந்த நிலையிலும் யார் உதவியும் இல்லாமல் முன்னங்கால்களால் ஊர்ந்து, தாயின் வயிற்றுப் பைக்குள் போய்க் காம்பைக் கவ்விக்கொள்கிறது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத விஷயம் இது. மீதி வளர்ச்சி எல்லாம் அந்தப் பைக்குள்தான், ஏறத்தாழ ஆறு மாதம். அப்புறம் பால் தவிர, தாய் வெளியேற்றும் குழைவான ஒருவகைக் கழிவையும் தின்னும். யூகலிப்டஸ் இலையைச் செரிக்க உதவும் நுண்ணுயிரிகள் குட்டியின் குடலுக்கு வருவது அப்படித்தான்.

சரி, உறவுமுறை? கரடிக்கு நாயும் சீலும் தூரத்துச் சொந்தம். கோலாவுக்கு இன்று உயிரோடிருக்கும் மிக நெருங்கிய உறவு, வளை தோண்டி வாழும் வாம்பட். கங்காருவும் அதே பைப்பாலூட்டிக் கூட்டம்தான். கரடியின் கிளையும் பைப்பாலூட்டிகளின் கிளையும் பிரிந்து 10 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கோலாவின் தாயகமான ஆஸ்திரேலியாவில் காட்டுக் கரடி இனம் ஒன்றுகூடக் கிடையாது.