லாவோ முன்பணம் கேட்கும், இந்தோனேசியம் தவணையில் வாங்கும்

லாவோஸ் தலைநகர் வியன்டியனில் ஒரு தையல் ஆலையில் தரக் கட்டுப்பாட்டு வேலை. அப்புறம் அதே வேலைக்கு இந்தோனேசியாவில், நடு ஜாவாவில் சோலோ பக்கம். இரண்டு இடத்திலும் சில ஆண்டுகள் இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் கூடவே வர மாட்டார், லைனில் நிற்கிற பெண்களிடம் நாமே பேசித்தான் பீஸ் வாங்க வேண்டும் என்பதால் இரண்டு மொழியையும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. லாவோ கஷ்டம், இந்தோனேசியம் சுலபம் என்று எல்லோரும் சொல்வார்கள். நீண்ட நாள் பயன்படுத்திய பிறகு என் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. லாவோ மொத்தத் தொகையையும் முதலிலேயே கேட்டு வாங்கிவிடும். இந்தோனேசியம் சிரித்த முகத்தோடு வரவேற்று, பிறகு தவணை தவணையாக வாங்கிக்கொண்டே இருக்கும்.

முதலில் லாவோ. அதன் முன்பணம் தொனிகள்தான், அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்கள். வியன்டியன் பேச்சில் ஐந்து என்பவர்களும் உண்டு, ஆறு என்பவர்களும் உண்டு. எப்படி எண்ணினாலும் தப்ப முடியாது. தமிழில் 'கை' என்று எழுதினால், அது அங்கே பக்கம், தூரம், கோழி மூன்றுக்கும் பொருந்தும். குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதுதான் வித்தியாசம். கூடவே மூச்சுக்காற்றைச் சேர்த்து 'க்ஹை' என்றால் முட்டை. இந்த மூச்சுக்காற்றுதான் நமக்குப் பெரிய தொல்லை. ஒரே ககரத்தை வைத்துக்கொண்டு இடத்துக்கு ஏற்றபடி ஒலித்துப் பழகிய காது, காற்றோடு வரும் ககரத்தையும் காற்றில்லாத ககரத்தையும் வேறு வேறு எழுத்தாகக் கேட்பதற்கு நாள் பிடிக்கும். தொனியைவிட இதற்கு எனக்கு அதிக காலம் ஆயிற்று.

ஆனால் நமக்கென்று சில சலுகைகளும் உண்டு. குறில், நெடில் வேறுபாடு லாவோவில் உயிர்நாடி. மற்ற நாட்டவர் அதில் திணறும்போது நமக்கு அது பிறந்தபோதே வந்தது. 'ங'வில் தொடங்கும் சொல்லைச் சொல்ல ஐரோப்பியர்கள் படும் பாட்டைப் பார்த்திருக்கிறேன். பணத்துக்கே அங்கே 'ஙெ(ன்)' மாதிரி ஒரு சொல்தான். 'ஙப்போல் வளை' படித்தவர்களுக்கு இது ஒன்றுமேயில்லை.

எழுத்தும் அப்படித்தான். பார்த்தால் பயமாக இருக்கும், சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஆனால் உயிர்க்குறி மெய்யெழுத்துக்கு முன்னால் வருவதும், இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பதும் கெ, கோ எழுதுகிறவனுக்குப் புதுசா என்ன? ஒரே ஒலிக்கு ஏன் இரண்டு எழுத்து என்று மட்டும் கொஞ்ச நாள் எரிச்சலாக இருந்தது. 'த்ஹ' ஒலிக்கு இரண்டு எழுத்து உண்டு. எந்த எழுத்தைப் போட்டிருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் தொனி தெரியும். இது புரிந்த பிறகு எழுத்தே தொனிக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. தாய்லாந்துக்காரர்கள் பாலி, சமஸ்கிருதச் சொற்களைப் பழைய எழுத்துக்கூட்டலோடே வைத்திருக்கிறார்கள். லாவோவில் காதில் விழுவதைத்தான் எழுதுகிறார்கள். 1975இல் ஆட்சி மாறிய பிறகு ர எழுத்தையே எடுத்துவிட்டார்கள்; பிற்பாடு வெளிநாட்டுப் பெயர்களுக்காக அது திரும்பி வந்தது.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் லாவோ உங்களை விட்டுவிடும். வினைச்சொல் எதற்கும் மாறாது. நான், நீ, அவர்கள், நேற்று, நாளை எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். முடிந்ததா என்பதற்குக் கடைசியில் 'லேவ்', கேள்விக்குக் கடைசியில் 'போ'. "கின் காவ் லேவ் போ?" என்றால் சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அங்கேயும் அதுதான் நலம் விசாரிப்பு. உறவுமுறைச் சொற்களும் பழகியவையாகவே தோன்றும். அண்ணனுக்கு 'ஆய்', அக்காவுக்கு 'உவாய்' போல ஒன்று, தம்பி தங்கைக்கு 'நோங்'. பெற்றோருக்கு மூத்த ஆண் 'லுங்', அப்பாவின் தம்பி 'ஆவ்'. பெரியப்பா, சித்தப்பா என்று பிரித்துக் கூப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு, எதிரில் இருப்பவரின் வயதைக் கணித்துவிட்டு வாய் திறப்பது இயல்பாகவே வரும். நூறாயிரத்துக்கு 'ஸேன்' என்று தனிச்சொல்லும் உண்டு. லட்சத்தில் நினைக்கிற மூளைக்கு அந்த ஊர்ப் பணமான கிப்பின் கணக்கு சட்டென்று ஏறும்.

குறை என்றால் படிக்கப் பொருள் இல்லை. நல்ல அகராதி அரிது, மொழி கற்றுத்தரும் பிரபலமான செயலிகள் பலவற்றில் லாவோவே கிடையாது. இருப்பதும் வியன்டியன் பேச்சை வைத்து எழுதியவை. எங்கள் ஆலைப் பெண்களோ சவன்னகேத், லுவாங் பிரபாங் என்று பல மாகாணத்திலிருந்து வந்தவர்கள். ஊருக்கு ஊர் தொனி மாறும். சிலருக்குத் தாய்மொழி க்மூ அல்லது மோங், லாவோ பள்ளியில் கற்றது. வீடுகளில் தாய்லாந்துத் தொலைக்காட்சிதான் ஓடும் என்பதால் கேட்பதில் பாதி அந்த மொழி கலந்ததாகவே இருக்கும். இதில் ஒரு லாபமும் உண்டு. லாவோ பேசுகிறவர்கள் லாவோஸில் இருப்பதைவிட வடகிழக்குத் தாய்லாந்தில்தான் அதிகம். எல்லையில் ஓடும் மேகோங் ஆற்றைத் தாண்டித் தாய்லாந்தின் நோங் காய் போனாலும் அதே பேச்சில் சமாளிக்கலாம்.

இந்தோனேசியம் நேர் எதிர். ரோமன் எழுத்து, தொனி இல்லை, எழுதியபடியே படிக்கலாம். 'கப்பால்', 'பெட்டி', 'கெடாய்' என்று நம் சொற்கள் அங்கங்கே தட்டுப்படும். முதலீட்டுக்கு அவர்கள் சொல்லும் 'மோடால்' நம் முதல்தான். நாம், நாங்கள் வேறுபாடும் உண்டு: 'கீத்தா', 'காமி'. முதல் மாதத்திலேயே சந்தையில் பேரம் பேசிவிடலாம். அரசின் பேரகராதி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. இவ்வளவு சுலபமா என்று தோன்றும்.

பிறகு முதல் தவணை வரும். 'கிரிம்' என்றால் அனுப்பு. மெஙிரிம், டிகிரிம், கிரிமான், பெஙிரிம், பெஙிரிமான் எல்லாம் அதன் பிள்ளைகள்: அனுப்புதல், அனுப்பப்படுதல், அனுப்பிய பொருள், அனுப்புநர், அனுப்பீடு. முன்னொட்டு சேரும்போது ககரம் கரைந்து ஙகரமாகிறது, 'சாபு' (துடைப்பத்தால் பெருக்கு) 'மெஞாபு' ஆகிறது. புணர்ச்சி விதி படித்த நமக்கு இது விளையாட்டுதான், ஆனால் அகராதியில் தேட வேர்ச்சொல் தெரிந்திருக்க வேண்டும். 'டி' வருகிற செயப்பாட்டுவினையை அவர்கள் விரும்பிப் பயன்படுத்துவார்கள். ஷிப்மெண்ட் கூட்டத்தில் "சுடா டிகிரிம்" என்று பதில் வரும். அனுப்பப்பட்டுவிட்டது. யார் அனுப்பினார், எப்போது என்று கேட்டால் மறுபடியும் புன்னகையோடு இன்னொரு செயப்பாட்டுவினைதான்.

இரண்டாம் தவணை, பாடநூல் மொழியை யாரும் பேசுவதில்லை. எப்படி என்பதற்குப் படித்தது 'பகாய்மானா', காதில் விழுவது 'கிமானா'. கைபேசிச் செய்தியில் உயிரெழுத்தையெல்லாம் பிடுங்கிவிடுவார்கள். 'சுடா' (ஆகிவிட்டது), 'பெலும்' (இன்னும் இல்லை) இரண்டும் மூன்று மெய்யெழுத்துகளாகச் சுருங்கி வரும். நாலாம் நம்பர் மெஷின் இன்னும் ஓடவில்லை என்ற தகவல் எனக்கு முதலில் ஏதோ பூட்டின் குறியீட்டு எண் மாதிரிதான் இருந்தது. டோங், சீ, டே என்று வாக்கியக் கடைசியில் ஒட்டுகிற துணுக்குகளுக்குப் பாடநூலில் இடமே இல்லை, அவை இல்லாமல் பேசினாலோ செய்தி வாசிப்பவர் மாதிரி இருக்கும். எழுத்துத் தமிழைப் படித்துவிட்டு மதுரைக்கு வருகிற வெளிநாட்டவர் நிலைமைதான்.

மூன்றாவதுதான் பெரியது. இந்தோனேசியம் பெரும்பாலோருக்குத் தாய்மொழி அல்ல. 1928இல் விடுதலை இயக்க இளைஞர்கள் எடுத்த சபதத்தில், எண்ணிக்கையில் பெரிய ஜாவானியத்தை விட்டுவிட்டு மலாயை ஒட்டிய மொழியைப் பொதுமொழியாக ஏற்றார்கள். எல்லாத் தீவுக்கும் பொதுவாக ஒன்று கிடைத்தது. ஆனால் சோலோவில் கூட்டம் முடிந்ததும் எல்லோரும் ஜாவானியத்துக்குத் திரும்பிவிடுவார்கள். அதில் சமமானவரிடம் ஒரு மொழி, பெரியவரிடம் கிட்டத்தட்ட வேறு மொழி. உணவு இடைவேளைச் சிரிப்பில் பாதிக்கு மேல் எனக்குக் கடைசிவரை வெளியேதான்.

அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சியில் இந்தோனேசியத்துக்கு 36 வாரம், லாவோவுக்கு 44 வாரம் ஒதுக்குகிறார்கள். முதலில் பார்த்தபோது வித்தியாசம் இவ்வளவுதானா என்று நினைத்தேன். இப்போது அது நியாயமாகவே படுகிறது.

போகிறவர்களுக்கு என் யோசனை: ஆறு மாத வேலை என்றால் இந்தோனேசியத்தில் போட்ட உழைப்பு உடனே திரும்பும். லாவோஸுக்கு என்றால் ரோமன் எழுத்தில் எழுதிய லாவோவைத் தொடவே தொடாதீர்கள். அது ஆளுக்கு ஆள் மாறும், தொனியும் அதில் தெரியாது. முதல் நாளே எழுத்தில் தொடங்குங்கள், கடைப் பலகைகளை உரக்கப் படியுங்கள். இன்றைக்கும் நான் இந்தோனேசியச் செய்தித்தாள் படிக்கிறேன். பழைய லைன் சூப்பர்வைசருக்கு மட்டும் லாவோவில் தட்டச்சு செய்வதில்லை, குரல் செய்திதான். அதில் தொனி தானாக வந்துவிடுகிறது.