துறைமுகமா, களப்பா, கங்கையா: படகில் சும்மா கிடக்க எது தோது?

எங்கேயும் ஓடாமல், சின்னப் படகொன்றில் நங்கூரம் போட்டு இரண்டு மூன்று நாள் கிடக்க நினைப்பவர்களுக்குத் திருகோணமலையில் மூன்று இடங்கள் உண்டு: உட்துறைமுகம், தம்பலகாமக் குடா, மூதூர்ப் பக்கம் கொட்டியாரக் குடாவில் விழும் மகாவலி கங்கை. வெருகலாற்றையும் சிலர் சொல்வார்கள். அதுவும் மகாவலியின் கிளைதான், ஆனால் திறந்த கடலில் விழுகிறது. அலை உடையும் முகத்துவாரத்தைக் கடந்து உள்ளே போகவேண்டும் என்பதால் சின்னப் படகுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

துறைமுகத்தின் பலம் பாதுகாப்பு. வாடைக்காற்று வெளியே கடலைக் கிளப்பினாலும் உள்ளே தண்ணீர் அடங்கிக் கிடக்கும். தொல்லை ஆழம். 15 மீற்றரில் நங்கூரம் போட்டால், ஆழத்தைப்போல ஐந்து மடங்கு என்று பார்த்தாலும் 75 மீற்றர் கயிறு வேண்டும். கடற்படைக் கட்டுப்பாட்டுப் பகுதிகளை விலக்கி இடம் தேடவேண்டும், பெரிய கப்பல் போனால் ஆட்டமும் வரும். அமைதி தேடிப் போகிறவருக்கு இது சரிவராது.

தம்பலகாமக் குடா ஆழம் குறைந்த, கண்டல் சூழ்ந்த களப்பு. 2009இல் திறந்த 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலத்தைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். பாய்மரம் உள்ள படகென்றால் பாலத்தின் உயரத்தை முதலே விசாரியுங்கள். பறவை பார்ப்பவருக்கு இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. ஆனால் நீரோட்டம் குறைவு. காற்று திரும்பும் பக்கமெல்லாம் படகும் சுற்றும், பக்கத்தில் கட்டிய வலைகளில் போய் மாட்டும். அடுத்தவர் பிழைப்பில் கைவைத்துவிட்டு நாம் ஓய்வெடுக்க முடியாது.

என் தேர்வு கங்கைதான். ஓடும் தண்ணீர் படகின் முன்பக்கத்தை, அதாவது அணியத்தை, ஆறு வரும் திசையை நோக்கியே பிடித்து வைத்திருக்கும். காலையில் எழும்பினால் நேற்றுப் பார்த்த அதே மரம் அதே பக்கத்தில் நிற்கும். சும்மா கிடக்கும் நாளுக்கு அந்த நிலைதான் பெரிய சொத்து. நங்கூரம் பிடித்ததா என்று பார்க்கக் கயிற்றில் உள்ளங்கையை வையுங்கள். விறைத்து அசையாமல் இருந்தால் நல்லது. விட்டுவிட்டு அதிர்ந்தால் நங்கூரம் அடியில் இழுபடுகிறது. வீச்சுவலையோடு தோணியில் வந்த மூதூர்க் காக்கா ஒருவர், “தம்பி, கயித்த இன்னும் கொஞ்சம் விடுங்க, பின்னால ஒண்டு போடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒடுங்கிய ஆற்றில் முன்னும் பின்னும் இரண்டு நங்கூரம் போடுவதுதான் சரி.

காலம் பார்த்துப் போகவேண்டும். மார்கழி, தை மழையில் மூதூரில் வெயிலடித்தாலும் மேலே மலைநாட்டில் பெய்த தண்ணீர் வந்து சேரும். மிதந்துவரும் மரக்கொம்பும் ஆகாயத்தாமரையும் நங்கூரக் கயிற்றில் குவிந்து படகையே இழுக்கும். ஆனி, ஆடியில் தண்ணீர் வற்றும், கச்சான் காற்று சூடாக அடிக்கும், உப்பும் ஆற்றுக்குள் ஏறும். மாசி கழிந்து சித்திரை வரை உள்ள நாட்கள்தான் பொருத்தம்.

நுளம்பு வலையைக் களப்புக்கும் கங்கைக்கும் ஒருபோலக் கொண்டுபோங்கள். கங்கையில் முதலை உண்டு. குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வாளியில் மொண்டு, படகுக்குள்ளேயேதான். பிள்ளைகள் வந்தால் விளிம்பில் இருந்து காலைத் தொங்கப்போட விடாதீர்கள்.