ராவ்ஸா, வியா கரோட்டாவா?

இடம் கிடைப்பதே அரிதான நியூயார்க்கின் இவ்விரு உணவகங்களில், இடம் கொடுக்கும் முறை எதில் நியாயமானது? கிழக்கு ஹார்லெமில் 1896 முதல் இயங்கும் ராவ்ஸ் உணவகத்தில் சுமார் பத்து மேசைகளே உள்ளன. ஒவ்வொரு மேசையும் குறிப்பிட்ட கிழமையில் நெடுநாள் வாடிக்கையாளர் ஒருவருக்கென ஒதுக்கப்பட்டிருப்பதால், எத்தனை முறை தொலைபேசியில் கேட்டாலும் பயனிருக்காது. அந்த வாடிக்கையாளர் தம் விருந்தினராக அழைத்துச் செல்ல வேண்டும், அல்லது நன்கொடை ஏலத்துக்கு அவர் விட்டுக்கொடுத்த இரவைப் பெருந்தொகைக்கு எடுக்க வேண்டும். அறிமுகம் இல்லாதவருக்கு இது ஏறக்குறைய மூடிய கதவுதான். அதன் தக்காளி சாஸ் மட்டும் புட்டிகளில் கடைதோறும் கிடைக்கிறது.

வெஸ்ட் வில்லேஜின் குரோவ் தெருவில் ஜோடி வில்லியம்ஸும் ரீட்டா சோடியும் 2014இல் தொடங்கிய வியா கரோட்டாவோ, முன்பதிவே ஏற்காமல், நேரில் வந்து காத்திருப்பவர்களுக்கு இடம் கொடுத்தே பல ஆண்டுகள் நடந்தது. பின்னர் முன்பதிவு வந்துவிட்டாலும், கூட்டம் குறைந்த பிற்பகலில் முன்பதிவின்றி ஓரிருவராகச் செல்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். அடுக்கடுக்காகக் குவித்த பச்சை இலைகளின் மேல் சின்ன வெங்காயமும் ஷெர்ரி வினிகரும் கலந்து ஊற்றிய அந்த சாலடுக்காகவே காத்திருக்கலாம். செல்வாக்கைக் கேட்காமல் பொறுமையை மட்டும் கேட்கும் இந்த முறையே நியாயமானது என்பது என் உறுதியான கருத்து.