விபஸ்ஸனாவில் உணர்ச்சியின் இடம்: மகாசி முறையும் கோயங்கா முறையும்

தேவாரத்தை உருகிப் பாடுவதே வழிபாடு என்று வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு, விபஸ்ஸனா என்ற பௌத்த தியானம் உணர்ச்சியை வற்றச் செய்யும் பயிற்சியோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அது தவறான ஐயம். மணிமேகலை, துன்பம் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தோன்றும் பன்னிரு சார்புகளைச் சொல்லுமிடத்து ஊறு, நுகர்வு, வேட்கை என்று அடுக்குகிறது. புலன் பொருளோடு பொருந்துவது ஊறு. அதனால் தோன்றும் இன்பம், துன்பம், இரண்டுமற்ற நிலை ஆகியவை நுகர்வு. அவற்றைத் தொடர்ந்து எழுவது வேட்கை. நுகர்வு எழத்தான் செய்யும். அது வேட்கையாக மாறுவதைத்தான் தடுக்க முடியும். இதில் மகாசி, கோயங்கா ஆகிய இரு விபஸ்ஸனா முறைகளும் ஒன்றுபடுகின்றன. அந்த இடத்தை அணுகும் வழியிலேயே வேறுபடுகின்றன.

பர்மாவில் ஊ பா கின் என்ற தியான ஆசிரியரிடம் கற்ற கோயங்காவின் (1924–2013) பத்து நாள் பயிற்சியில், முதல் மூன்று நாள் மூச்சைக் கவனித்தபின், நான்காம் நாள் தொடக்கம் உடலைத் தலையிலிருந்து கால்வரை வரிசையாகக் கவனிக்கிறார்கள். கோபம் வந்தால், அதன் காரணத்தை ஆராயாமல், அவ்வேளை உடலில் தெரியும் சூட்டையும் படபடப்பையும் சமநிலையோடு பார்க்க வேண்டும். பர்மியத் துறவி மகாசி சயாதோ (1904–1982) வகுத்த முறையில் வயிறு எழுவதும் தாழ்வதுமே அடிப்படை. துயரம் எழுந்தால் 'துயரம், துயரம்' என்று மனத்துள் குறித்து, அது தணிந்தபின் வயிற்றுக்குத் திரும்புகிறார்கள். இலங்கையில் இம்முறை வேரூன்றிய கந்துபொட நிலையம் 1956 இல் தொடங்கியது. கோயங்கா முறைக்குப் பேராதனைக்கு அருகே ஹிந்தகலையில் நிலையம் உண்டு.

பாளி மொழியிலுள்ள பௌத்த உரையான சதிபட்டான சுத்தம் (சுத்தம் என்பது சூத்திரம்), கவனிக்க வேண்டிய நான்கினுள் நுகர்வை இரண்டாவதாகவும், வெறுப்பு நிறைந்த மனம் போன்றவற்றை மூன்றாவதாகவும் வைத்துப் பிரிக்கிறது. துயரம் வேறு, அதனுள் இருக்கும் துன்பச் சுவை வேறு என்று இரண்டையும் தனித்தனியே காண இடந்தருவதால், மகாசி முறையே அந்தப் பிரிவுக்கு நெருக்கமானது என்பது என் கருத்து. போரில் உறவுகளை இழந்தவர்கள் நிறைந்த எங்கள் ஊர்களில் இது சிறிய விடயமன்று. கண்ணை மூடி அமர்ந்தவருக்கு இழப்பு பெரும்பாலும் உடற்கூச்சமாக அல்ல, ஒரு முகமாக, ஒரு குரலாக வருகிறது. அதை உள்ளபடி அறிந்து குறிக்க அவருக்கு அனுமதி வேண்டும். குறிப்பது விரட்டுவதாக மாறிவிடாமல் பார்ப்பது ஆசிரியரின் பொறுப்பு. ஆறாத அதிர்ச்சி உடையவர்கள் எந்த நீண்ட மௌனப் பயிற்சிக்கும் முன் மருத்துவரிடம் பேசுவது அவசியம்.

ஓரிடத்தில் கோயங்கா முறை மேம்பட்டு நிற்கிறது. இன்பத்தில் பற்றும் துன்பத்தில் வெறுப்பும் மறைந்திருப்பதுபோல, இரண்டுமற்ற நுகர்வில் அறியாமை மறைந்திருக்கிறது என்கிறது சூளவேதல்ல சுத்தம் என்ற மற்றொரு பாளி உரை. பலர் பொருட்படுத்தாது கடந்துவிடும் நுகர்வும் இதுவே. எதுவும் தெரியாத உடற்பகுதியில் சிறிது நேரம் பொறுமையாக நின்று கவனிக்கச் சொல்லும் கோயங்காவின் அறிவுரை, இந்த மங்கிய நுகர்வையும் கவனத்துக்குள் கொண்டுவருகிறது. ஆனால் அதற்காக மகாசி முறையில் இருப்பவர் இதையும் சேர்த்துச் செய்யலாகாது. பயிற்சிக் காலத்தில் முறைகளைக் கலக்க வேண்டாம் என்பது கோயங்கா நிலையங்களின் விதி, அது நியாயமானதும்கூட.