அப்கிரேடு முடிந்தது, கீறல் அழிப்பானைக் காணோம்

பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோக்களை ஸ்கேன் செய்து கீறல் நீக்குவது எனக்குப் பொழுதுபோக்கு. அதற்காகவே ஒரு லினக்ஸ் டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் இயங்குதளத்தை மென்பொருட்களோடு சேர்த்துத் தரும் தொகுப்பு) ஆறு வருஷம் குடியிருந்தேன். எது என்று சொல்லப்போவதில்லை. மற்றவையும் இந்த விஷயத்தில் பெரிய யோக்கியம் இல்லை.

ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் ரீசிந்தசைசர் என்று ஒரு பிளக்இன், அதாவது துணைக்கருவி. கன்னத்தின் குறுக்கே ஓடும் மடிப்புக் கோட்டை லாஸோவால் வளைத்து, 'ஹீல் செலக்‌ஷன்' கொடுத்தால் சுற்றியுள்ள 50 பிக்சலைப் பார்த்து தோலை நிரப்பிவிடும். கோடு மீசையைத் தொட்டால் மட்டும் கொஞ்சம் உளறும். அங்கே 'பக்கவாட்டில் மட்டும் பார்' என்று மாற்ற வேண்டும். பக்கத்துப் பகுதியை நகலெடுத்துப் பூசும் குளோன் டூலில் அரை மணி நேரம் தேய்க்கிற வேலை, இதில் சில நொடி.

புதுப் பதிப்புக்கு அப்கிரேடு கொடுத்தேன். நடுவில் 'இவை நீக்கப்படும்' என்று திரை கொள்ளாத பட்டியல். யார் படிக்கிறார்கள்? ஒய் தட்டினேன். மறுநாள் ஜிம்ப்பைத் திறந்தால் மெனுவில் அந்த வரியே இல்லை. மென்பொருளை ஏற்றி இறக்கும் ஏபிடியைக் கேட்டால் அப்படி ஒரு பேக்கேஜே இல்லை என்கிறது, என்னவோ நான் கனவு கண்ட மாதிரி.

தோண்டியதில் காரணம் கிடைத்தது. பைத்தான் நிரல்மொழியின் பழைய பதிப்பான பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ல் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத ஒன்றை டிஸ்ட்ரோக்கள் சுமக்க விரும்பவில்லை; டெபியன் என்ற டிஸ்ட்ரோவின் 12-ம் பதிப்பு அது இல்லாமலேயே 2023 ஜூனில் வந்தது. எரிச்சல் என்னவென்றால், பிளக்இன்னின் எஞ்சின் சி மொழியில் எழுதியது, அதற்கு ஒரு குறையும் இல்லை. மெனுவில் உட்கார்ந்திருந்த மேல்பூச்சுதான் பைத்தான் 2. அதை மாற்றி எழுத ஆள் இல்லாததால் வண்டியோடு சேர்த்துக் கழற்றிவிட்டார்கள்.

பராமரிப்பவர்களைத் திட்ட மனசு வரவில்லை, பெரும்பாலும் சம்பளமில்லாத வேலை. ஆனால் நீக்கும்போது 'ஏன், பதிலுக்கு எது' என்று ஒரு வரி காட்டலாமே? அதற்காகவே இந்த அப்கிரேடுக்கு ஐந்துக்கு மூன்று மார்க். மற்றபடி அப்கிரேடு சுத்தம். சவுண்டு, பிரிண்டர், வைஃபை எல்லாம் முன்பைவிட ஒழுங்கு.

பிளக்இன்னின் பழைய டெப் ஃபைலை (இன்ஸ்டால் செய்யும் கோப்பு) வலுக்கட்டாயமாக ஏற்றிப் பார்த்தேன். ஒன்றைக் கேட்டால் பைத்தான் 2, ஜிடிகே 2 என்று குடும்பத்தோடு வந்து நிற்கிறது; விட்டுவிட்டேன். கடைசியில் கைகொடுத்தது டிஸ்ட்ரோவைச் சாராத மென்பொருள் கிடங்கான பிளாட்ஹப்பில் இருந்த ஜிம்ப் 2.10. பைத்தான் 2-ஐத் தன் மூட்டையிலேயே கட்டி வைத்திருந்தது, ரீசிந்தசைசரும் தனியாகக் கிடைத்தது. என்ன, சிஸ்டத்தில் உள்ள ஸ்கேன் மென்பொருளான எக்ஸ்சேன் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஸ்கேன் ஒரு இடம், திருத்தம் இன்னொரு இடம்.

இப்போதெல்லாம் அப்கிரேடு முடிந்ததும் பேக்கேஜ்களைப் பட்டியலிடும் ஆப்டிட்யூடைத் திறந்து, ரெபோவில் (டிஸ்ட்ரோவின் பேக்கேஜ் கிடங்கு) இல்லாமல் போனவற்றுக்கென இருக்கும் தலைப்பை விரித்துப் பார்க்கிறேன். போன தடவை பதினொன்று இருந்தன. அதில் நான்கு எதற்கு என்று எனக்கே நினைவில்லை.